இடது தோள் அரை அங்குலம்

ஜனவரி 9

அன்புள்ள நூல்கண்டுக்கு,

அக்கா எழுதறேன். நான் நல்லா இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடறியா? முதுகுவலி எப்படி இருக்கு? இந்தக் கடிதத்தை உனக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒருத்தர் பிரிச்சுப் படிச்சு முத்திரை குத்துவார். அவருக்கும் வணக்கம். எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும் ஐயா, இங்கே மேஜை ஆடுது.

சிறைன்னதும் நீ அழுதுக்கிட்டே உட்கார்ந்திருப்பே. போதும், கண்ணைத் துடை. எனக்கு இங்கேயும் தையல் வேலைதான். நீளமான கொட்டகை, வரிசையா மெஷின். அதுல பாதி ஓடும், மீதி இருமும். ஆஸ்பத்திரிக்கு நீலக் கவுன் தைக்கிறோம். வந்த வாரமே ரெண்டு மெஷினைப் பிரிச்சு எண்ணெய் விட்டு ஓட வெச்சேன். இப்ப எல்லாரும் என்னை ‘மாஸ்டர்’னுதான் கூப்பிடறாங்க. நம்ம கடையில ஒரு நாளாவது நீ அப்படிக் கூப்பிட்டிருக்கியா?

பக்கத்துப் படுக்கையில இருக்கறவ பஸ் கண்டக்டர். ஆள் ரெண்டு படுக்கை அகலம், குரல் நாலு தெரு நீளம். சாப்பாட்டு வரிசையை அவதான் ஓட்டறா. ‘உள்ளே போங்க, உள்ளே போங்க, வழியில நிக்காதீங்க’ன்னு கத்துவா. தட்டைத் தட்டி விசில் கூட அடிப்பா.

கொட்டகைக்கு மேற்பார்வையாளர் ஒரு ஆம்பளை. கழுத்துல எப்பவும் டேப் தொங்கும், ஆனா ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது. அதனால நாங்க வெச்ச பேரே டேப். சாயங்காலம் கத்தரிக்கோலை எல்லாம் எண்ணி வாங்கி ஸ்டோர் ரூம்ல பூட்டுவார். ஒண்ணு குறைஞ்சாலும் யாரும் நகரக் கூடாது, எல்லாருக்கும் சோதனை. புகார்ப் பெட்டின்னு ஒண்ணு அவர் மேஜைக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கு. எவ போய்ப் போடுவா? ஒரு சிலந்தி மட்டும் வாடகை இல்லாம குடியிருக்கு.

ஒழுங்கா இருந்தா ஆகஸ்ட்ல விட்டுடுவாங்க. கெட்ட குறிப்பு ஒண்ணு விழுந்தா அடுத்த பிப்ரவரிதான். அந்தக் குறிப்பை எழுதற கை டேப்போடது. அதனால உன் அக்கா இப்ப எவ்வளவு அடக்கம்னு நீ பார்த்தா மயங்கி விழுந்துடுவே.

உடம்பைப் பார்த்துக்கோ. மெஷின் பெல்ட்டை மாத்து.

உன் அக்கா

&nbsp;

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முதுகுவலி இருக்கு, ஆனா அதுக்கு நேரம் இல்லை. உன் கடிதத்தைப் படிச்சு முதல்ல அழுதேன், கண்டக்டர் வந்ததும் சிரிச்சுட்டேன். கடைக்கு வந்தவங்க எனக்குக் கிறுக்கு பிடிச்சுட்டதா நினைச்சிருப்பாங்க.

பெல்ட்டை மாத்திட்டேன், மாஸ்டர். போதுமா?

என் வீட்டுக்காரரோட கைக்கட்டைப் பிரிச்சாச்சாம். அவங்க அண்ணன் வீட்டுலயே இருக்கார், இந்தத் தெருப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கறதில்லை. மூணு வருஷமா கன்னத்தைக் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு நான் சொன்னதை ஊரே நம்பிச்சு. நீ மட்டும்தான் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, ‘கதவுக்கு அஞ்சு விரல் கிடையாதுடி’ன்னே. அப்புறம் அவர் மறுபடியும் கையை ஓங்கினார், நீ இஸ்திரிப் பெட்டியை ஓங்கினே. என்னால நீ உள்ளே இருக்கே. அதை நினைச்சா சாப்பாடு இறங்க மாட்டேங்குது அக்கா. அந்த இஸ்திரிப் பெட்டியும் இன்னும் கோர்ட்டுலதான் இருக்கு, புதுசு வாங்கிட்டேன்.

வக்கீலம்மா கறுப்பு அங்கியோட வந்தாங்க. உடம்பு ஏறிடுச்சாம், ரெண்டு பக்கமும் பிரிச்சு விடணுமாம். ‘உங்க அக்கா கேஸை நான் எடுத்திருந்தா இன்னும் குறைச்சிருப்பேன்’னு சொன்னாங்க. இப்ப சொல்லி என்ன பண்றது.

அடுத்த மாசம் ரயிலேறி உன்னைப் பார்க்க வரேன். என்ன வேணும்னு எழுது.

உன் தங்கச்சி

&nbsp;

பிப்ரவரி 19

நூல்கண்டுக்கு,

நலம். நீ நலமா?

இந்த மாசம் வராதே. ரயில்ல ஒரு பகல் ஒரு ராத்திரி உட்கார்ந்து வந்து அஞ்சு நிமிஷம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு என்ன ஆகப் போகுது? கடையைப் பாரு.

எழுத்து நடுங்கியிருந்தா பயப்படாதே. மெஷின் சக்கரம் மணிக்கட்டுல இடிச்சுது. அவ்வளவுதான்.

ஒரு வேலை. இங்கே இருக்கற ஒருத்திக்கு உள்சட்டை ஒண்ணு தைச்சு அனுப்பு. முழங்கால் வரைக்கும் ஒரே துணியா இறங்கணும். கழுத்து மேலே ஏறி இருக்கட்டும். முன்பக்கம் திறப்பே வேண்டாம். பின்னாடி ஊக்கு, நெருக்கி நெருக்கி வை. கெட்டித் துணியா எடு, இழுத்தா கிழியக் கூடாது. இரட்டைத் தையல் போடு.

அளவு: மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்திரண்டு, தோள் பதினாலரை, இடது தோள் அரை அங்குலம் இறக்கம், நீளம் நாற்பது.

சீக்கிரம் அனுப்பு.

அக்கா

&nbsp;

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் மணிக்கட்டு எப்படி இருக்கு? எண்ணெய் தடவினியா? ஒரு பக்கத்துக்குள்ள நீ கடிதத்தை முடிச்சதே இல்லையே, கை அவ்வளவு வலியா? கண்டக்டர் எங்கே, டேப் எங்கே, ஒருத்தரையும் காணோமே!

நீ கேட்ட உள்சட்டை விசித்திரமா இருக்கு. முன்னாடி திறப்பு இல்லை, பின்னாடி நெருக்கமா ஊக்குன்னா யாராவது பின்னால நின்னு மாட்டி விடணும், யாராவது கழட்டி விடணும். வர்றவங்ககிட்ட எல்லாம் ‘போடவும் கழட்டவும் சுலபமா இருக்கறதுதான் நல்ல தையல்’னு பாடம் எடுத்தது யாரு?

அதை யோசிச்சுப் பார்த்ததும் மெஷினை நிறுத்திட்டேன். சுலபமா கழட்ட முடியக் கூடாதுன்னுதான் அவ கேட்டிருக்கா, இல்லையா? அங்கே அவளுக்கு ஏதோ நடக்குது. பாவம்தான் அக்கா. ஆனா உன் கால்ல விழறேன், நீ நடுவுல போகாதே. ஒரு தடவை எனக்காகப் போய் நின்னு பட்டது போதும். அவ யாரோ எவளோ. உனக்கு ஆகஸ்ட் இருக்கு. வாயை மூடிக்கிட்டு நல்ல பேரோட வெளியே வா. சட்டையை மட்டும் நான் தைச்சு அனுப்பறேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி வெட்டறேன். உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தங்கச்சி

&nbsp;

மார்ச் 8

அக்கா,

போன கடிதத்தை மறந்துடு. அதைக் கிழிச்சுப் போட்டுடு.

இன்னைக்குத் துணியை விரிச்சு உன் கடிதத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் குறி போட்டேன். மார்பு போட்டேன், இடுப்பு போட்டேன். தோளுக்கு வந்ததும் என் கை தானா இடது பக்கம் அரை அங்குலம் கீழே இறங்குச்சு. கடிதத்தைப் பார்த்து இறங்கலை. பழக்கத்துல இறங்குச்சு. பத்து வருஷமா அந்தத் தோளுக்கு நான் வெட்டறேன். இந்த உலகத்துல அந்தத் தோள் ஒருத்திக்குத்தான் இருக்கு. இடுப்பு மட்டும் குறைஞ்சிருக்கு. சரியா சாப்பிடறது இல்லையா?

சட்டையைத் தைச்சுட்டேன். நீ கேட்டதை விட ரெண்டு மடங்கு ஊக்கு வெச்சிருக்கேன். ஆனா ஊக்கு போலீஸ் இல்லை அக்கா.

வக்கீலம்மா கொண்டு வருவாங்க. வக்காலத்துல கையெழுத்துப் போட்டுக் கொடு. இனிமே அவங்கதான் உன் வக்கீல். வக்கீலுக்கு நீ எழுதி ஒட்டின கவரை அங்கே யாரும் பிரிக்கக் கூடாதாம், அதான் சட்டமாம். எனக்கு எழுதறதையும் அதுலயே வெச்சுக் கொடு.

இதைப் படிக்கிற ஐயாவுக்கு: இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லை. வக்கீல் வெச்சுக்கறது எல்லாருக்கும் இருக்கற உரிமை.

மெஷினுக்கு அஞ்சு விரல் கிடையாது அக்கா.

தங்கச்சி

&nbsp;

மார்ச் 22
(வக்கீலம்மா கையில்)

அடியே நூல்கண்டு,

உன்னை யாருடி இவ்வளவு புத்திசாலியா இருக்கச் சொன்னது? துணி வெட்டச் சொன்னா என் தலையை வெட்டறே. நல்லா இருக்கியா? நான் இருக்கேன்.

அளவு எழுதறப்ப தோள் இறக்கம் தானா வந்து விழுந்துடுச்சு. ‘ஒருத்திக்கு’ன்னு பொய் சொல்லத் தெரிஞ்சுது, அளவுல பொய் சொல்லத் தெரியலை. அளவு தப்பா எழுதினா சட்டை தப்பா வருமேன்னு கை பயந்துடுச்சு போல. தொழில் புத்தி எங்கே போனாலும் கூடவே வந்து மானத்தை வாங்குது.

ஒருத்தின்னே எழுதறேன். அப்படின்னாதான் எனக்குப் பேனா ஓடும்.

பெண் வார்டர் டீ குடிக்கப் போற நேரமா பார்த்து ஒரு கத்தரிக்கோல் குறையும். குறையாது, டேப்பே சட்டைப் பைக்குள்ள போட்டு வெச்சிருப்பார். ‘ஒவ்வொருத்தியா ஸ்டோர் ரூமுக்கு வாங்க, சோதனை’ன்னு சொல்வார். ஆம்பளை சோதனை பண்ணக் கூடாதுன்னு சுவத்துல பெரிய எழுத்துல பலகை மாட்டியிருக்கு. அந்தப் பலகைக்குக் கீழேயே நின்னுதான் கூப்பிடுவார். மத்தவங்களைச் சீக்கிரம் விட்டுடுவார். அவளை விடலை. அப்புறம் ஒரு நாள். மறுபடியும் ஒரு நாள். கதவைப் பிடிச்சா, மணிக்கட்டைத் திருகினார். ‘உன் ஆகஸ்ட் என் பேனாவுல இருக்கு’ன்னு சொன்னார். இதுக்கு மேல எழுத மாட்டேன்.

ஊர்ல ஒருத்தன் குரலை உயர்த்தினாலே இஸ்திரிப் பெட்டியைத் தேடறவ அவ. அங்கே போய் மரக்கட்டை மாதிரி நின்னா. அதைத்தான் அவளால தாங்க முடியலை. இவ்வளவு வாய் பேசினவளுக்கு அன்னைக்கு ஒரு சத்தம் வரலையேன்னு தன் மேலயே அவளுக்குக் கோபம்.

நீ முதல்ல சொன்னதுதான் சரி. ஆகஸ்ட் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவா. சட்டை நல்லா இருக்கு. தையல் சுத்தம். கண்டக்டர்தான் ஊக்கு மாட்டி விட்டா. ஒரு கேள்வி கேட்கலை. மாட்டி முடிச்சுட்டு, ‘இதே மாதிரி எனக்கும் ஒண்ணு தைச்சுத் தருவியா மாஸ்டர்?’னு மட்டும் கேட்டா. நூல்கண்டு, அவ ரெண்டு படுக்கை அகலம்டி. அவளுக்குமா?

அக்கா

&nbsp;

மார்ச் 30
(வக்கீலம்மா கையில்)

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடணும். முதல்ல அது.

அவகிட்ட இதைச் சொல்லு. அவ தங்கச்சி சொல்லச் சொன்னாள்னு சொல்லு.

மரக்கட்டை மாதிரி நின்னது தப்பே இல்லை. நானும் மூணு வருஷம் அப்படித்தான் நின்னேன். எனக்கு என்ன, வாய் இல்லையா? உன் கூடவே வளர்ந்தவதானே? பயம் வந்தா உடம்பு அப்படித்தான் உறைஞ்சு போகும். வெட்கமா இருக்குன்னு நான் அழுதப்ப நீ என்ன சொன்னே? ‘ஓங்கினது அவன் கை. வெட்கம் உனக்கு எதுக்குடி?’ன்னு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டியே, அதை அவகிட்ட கேளு.

அப்புறம் ஆகஸ்ட். வாயை மூடிக்கிட்டு வான்னு நான் எழுதினேனே, அந்தக் கையை உடைக்கணும். ஆகஸ்ட் வரைக்கும் இன்னும் எத்தனை தடவை கத்தரிக்கோல் குறையும்? நீ வெளியே வந்த பிறகு அடுத்து யார் பேரைக் கூப்பிடுவார்? கண்டக்டர் ஏன் அந்தச் சட்டையைக் கேட்டா? அடுத்த பிப்ரவரி ஆனாலும் ஆகட்டும். கடை இருக்கும், நான் இருக்கேன். நீ குனிஞ்ச தலையோட ஆகஸ்ட்ல வர்றதை விட, நிமிர்ந்து பிப்ரவரியில வா.

வக்கீலம்மா சொல்றாங்க: அந்தப் புகார்ப் பெட்டியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சிறையைப் பார்வையிட ஒரு பெண் நீதிபதி வருவாங்க. அவங்ககிட்ட நேராச் சொல்லலாம், தனி அறையில, அதிகாரி யாரும் பக்கத்துல இல்லாம. புகார் சொன்னதுக்காக யாராவது பழிவாங்கினா அதுவே தனிக் குற்றமாம். டாக்டர்கிட்ட மணிக்கட்டைக் காட்டி எழுதி வாங்கச் சொன்னாங்க. வலியை வலின்னு சொல்லு. சக்கரம், கதவுன்னு சொல்லாதே.

முடிவு அவளோடதுதான். ‘வேண்டாம்’னு சொன்னாலும் அவ என் அக்காதான்.

உன் தங்கச்சி

&nbsp;

ஏப்ரல் 26
(வக்கீலம்மா கையில்)

என் தங்கமே,

நல்லா இருக்கேன். இந்தத் தடவை நிஜமாவே. ஒழுங்கா உட்கார்ந்து படி, பெரிய கடிதம்.

உன் கடிதத்தை ராத்திரி முழுக்கக் கையில வெச்சுக்கிட்டு இருந்தேன். காலையில கண்டக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ அழலை. ‘எனக்குப் போன வருஷம்’னு மட்டும் சொன்னா.

நீதிபதி வர்றாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரே உதறல். தனி அறையா இருக்கலாம், ஆனா அந்த அறைக்குள்ள எவ போறான்னு கொட்டகை முழுக்கப் பார்க்குமே. டேப் வாசல்லயே நிப்பாரே. இதை நான் சொன்னதும் கண்டக்டர் சிரிச்சா. ‘இதென்ன பெரிய விஷயம் மாஸ்டர்? பஸ்ல எல்லாரும் டிக்கெட் வாங்கினா, யார் எங்கே இறங்கப் போறாங்கன்னு எவனுக்குத் தெரியும்?’னா.

அன்னைக்குச் சாயங்காலமே அவ ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லிக்கிட்டு ஒரு ரவுண்டு போனா. மறுநாள் வேலை முடிஞ்சதும் கொட்டகை மொத்தமும் எழுந்து வரிசையில நின்னுது. ஒவ்வொருத்தியா போய் டேப் கண்ணெதிர்லயே பெட்டியில ஒரு காகிதம் போட்டோம். ‘உள்ளே போங்க, உள்ளே போங்க, முன்னாடி நிறைய இடம் இருக்கு’ன்னு அவ விரட்டறா! ஒருத்தி சோப்பு நுரைக்கலைன்னு எழுதினா. ஒருத்தி மெஷின் மேல விளக்கு இல்லைன்னு எழுதினா. எழுதத் தெரியாத ஒரு அம்மா வெத்துக் காகிதத்தை மடிச்சு ரொம்ப மரியாதையா போட்டாங்க. சிலந்தி வீட்டைக் காலி பண்ணிடுச்சு. டேப் முகத்தை நீ பார்த்திருக்கணும். எல்லாரும் போட்டா எவளைப் பிடிப்பார்? கழுத்துல தொங்கற டேப்பைச் சுருட்டறார், பிரிக்கறார், மறுபடியும் சுருட்டறார்.

எல்லா காகிதத்துக்கும் அடியில ஒரே வரி: ‘நீதிபதி அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும்.’ வெத்துக் காகிதத்துல கண்டக்டர் எழுதிக் கொடுத்தா.

நீதிபதி வந்தாங்க, வக்கீலம்மாவும் கூட வந்தாங்க. பெட்டியை அவங்க முன்னாடி திறந்தாங்க. அப்புறம் கொட்டகை மொத்தமும் அந்த அறைக்குள்ள ஒருத்தி பின்னால ஒருத்தியா போய் வந்துது. சோப்பு அம்மா அரை மணி நேரம் பேசினாங்க, எங்களுக்குக் கால் வலி எடுத்துடுச்சு. நான் நடுவுல எங்கேயோ போனேன். சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு தண்ணி ஜாடி. நீதிபதி கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, ‘சொல்லும்மா’ன்னாங்க.

நான் ‘இங்கே ஒருத்தி இருக்கா’ன்னு ஆரம்பிச்சேன். ஸ்டோர் ரூம், கத்தரிக்கோல், கதவு, எல்லாத்தையும் அவளுக்கு நடந்ததாவே சொன்னேன். குரல் நல்லா கணீர்னுதான் வந்துது. அவங்க குறுக்கே ஒரு வார்த்தை பேசலை. முடிச்சதும், ‘அவ யாரும்மா?’ன்னு கேட்டாங்க.

மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் சொன்னேன். ‘நான்தான்’னு சொன்னேன்.

சொன்னதும் அந்த மேஜை மேலயே தலையை வெச்சு அழுதுட்டேன் நூல்கண்டு. அவங்க தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க. எனக்கு அப்புறம் கண்டக்டர் போனா. எங்களோட சேர்த்து அஞ்சு பேர். அஞ்சு பேர்டி! ஒருத்திக்கொருத்தி தெரியாம ஒரே கொட்டகையில உட்கார்ந்து தைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

அன்னைக்கே ஸ்டோர் சாவியை அவர்கிட்ட இருந்து வாங்கிட்டாங்க. அடுத்த நாள் அவர் வரலை.

உன் அக்கா

&nbsp;

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையைச் சாத்திட்டுப் படிச்சேன். ‘நான்தான்’னு நீ எழுதின இடத்துல நானும் மேஜை மேல தலையை வெச்சு அழுதேன். அப்புறம் கண்டக்டர் வரிசையை நினைச்சு விக்கல் வர்ற அளவுக்குச் சிரிச்சேன். அவளுக்கு என் நமஸ்காரம். வெளியே வந்தா ஆயுசுக்கும் அவளுக்கு இலவசமா தைச்சுக் கொடுப்பேன், எவ்வளவு துணி ஆனாலும் சரி.

ஒரு கெட்ட செய்தி. டேப் போறதுக்கு முன்னாடியே உன் பேர்ல ஒரு குறிப்பு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார், ‘அடங்காதவள், மற்றவர்களைத் தூண்டுபவள்’னு. அதை எதிர்த்து வக்கீலம்மா மனு போட்டிருக்காங்க. ஆனா ஆகஸ்ட் தள்ளிப் போகலாமாம்.

தள்ளிப் போகட்டும். நான் இங்கேதான் இருப்பேன். மாசாமாசம் ரயிலேறி வருவேன், வராதேன்னு எழுதினே, கொன்னுடுவேன்.

உன் தங்கச்சி

&nbsp;

செப்டம்பர் 14

அன்புள்ள நூல்கண்டுக்கு,

நலம், நலமறிய ஆவல். இதைச் சாதாரணத் தபால்லயே போடறேன். இதைப் படிக்கிற ஐயாவுக்கும் பழையபடி வணக்கம். ஐயா, என் பிப்ரவரி கடிதத்தையும் நீங்கதான் முத்திரை குத்தி அனுப்பினீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியலை, தையல்காரிக்குத் தெரிஞ்சுது. உங்களைக் குறை சொல்லலை. இனிமே கொஞ்சம் நிதானிச்சுப் படிங்க.

டேப் எழுதி வெச்ச குறிப்பை அடிச்சு நீக்கிட்டாங்க. அடுத்த மாசம் வெளியே வரேன். ஆமாம்டி, நிஜமாத்தான். குதிக்காதே, முதுகு பிடிச்சுக்கும்.

டேப் மேல கேஸ் நடக்குது. வெளியே வந்த பிறகும் சாட்சி சொல்ல ரயிலேறி வரணும். வருவேன். கண்டக்டர் கூட்டிக்கிட்டுப் போவா, அவளுக்கும் டிசம்பர்ல விடுதலை.

கொட்டகைக்கு இப்ப ஒரு அம்மாதான் மேற்பார்வை. புகார்ப் பெட்டியைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாத்திட்டாங்க, சாவி நீதிபதி ஆபீஸ்ல. கத்தரிக்கோலுக்கு நான் ஒரு வேலை பண்ணினேன். பலகையில ஒவ்வொரு கத்தரிக்கோலையும் வெச்சுச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டு, உள்ளே பெயின்ட் அடிச்சோம். எது இடத்துல இல்லைன்னு வாசல்ல இருந்து பார்த்தாலே தெரியும். எண்ண வேண்டாம், யாரையும் எந்த அறைக்கும் கூப்பிட வேண்டாம். ஒரு துணி வெட்டற மாதிரி குறி போட்டதுதான், வேற ஒண்ணும் இல்லை.

நீ தைச்ச ஊக்குச் சட்டையை நானும் கண்டக்டரும் உட்கார்ந்து பிரிச்சோம். பாவி, எத்தனை ஊக்குடி! விரல் நோவெடுத்துடுச்சு. துணி இப்ப மெஷின் துடைக்க ஆகுது. கெட்டித் துணி, நல்லா எண்ணெயை இழுக்குது.

நான் வெளியே வர்ற அன்னைக்குப் போட ஒரு சட்டை தைச்சு எடுத்துக்கிட்டு வா. நல்ல சிவப்புல எடு. முன்பக்கம் திறப்பு, பெரிய பெரிய பொத்தான். நானே போடணும், நானே கழட்டணும். இடுப்பை ரெண்டு அங்குலம் கூட்டிக்கோ, இப்ப நல்லா சாப்பிடறேன்.

தோள் அளவு எழுதலை. சட்டை எனக்குத்தான்.

உன் அக்கா